பதினேழாம் இலக்கப் பேனை

பேராதனைப் பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்த நவரட்ணராஜாவிடம் ஒரு பழைய பேனையைக் கொடுத்தால், அது செய்யப்பட்ட வருடத்தைச் சொல்லாமல் கீழே வைக்கமாட்டார். நிப்பில் வெட்டிய எழுத்து, மை இழுக்கும் முறை, மூடியின் வளையம் என்று ஒன்றையும் விடாமல் பார்ப்பார்.

கண்டியில் பேனை சேர்ப்பவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களில் லாபிரின் மணிக்கூட்டுக் கடை மாடியில் கூடுவார்கள். யாராவது கொண்டுவரும் பேனை கைக்குக் கை மாறிக் கடைசியில் நவரட்ணராஜாவிடம் வரும். அவர் பார்த்ததை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கையொப்பம் இடுவார். அந்தத் துண்டு இருந்தால் கொழும்பிலும் மறுபேச்சு இல்லை. ராஜா ஐயா பேனைக்குச் சாதகம் எழுதுகிறார், செவ்வாய் தோஷத்தை மட்டும் விட்டுவிடுகிறார் என்று லாபிர் கேலி செய்வார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பேனை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. செத்தவர் மேசை லாச்சியிலிருந்து வந்திருக்கும், சூதாட்டத்தில் தோற்றதாக இருக்கும். கேட்டால் யாருக்காவது முகம் சுண்டிப்போகும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே நவரட்ணராஜாதான்.

அவரிடம் நாற்பத்தொரு பேனைகள் இருந்தன. அவற்றின் விவரம் எழுதிய கொப்பி பரீட்சைப் பிரிவுக் கந்தோர் லாச்சியில் இருந்தது. ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும் கொப்பியிலுள்ள இலக்கத்தை ஊசியால் கீறி வைத்திருந்தார். இது லாபிருக்கு மட்டும் தெரியும். ஊசியைக் கொடுத்தவர் அவர்.

1983 ஜூலை 26ஆம் திகதி கட்டுகஸ்தோட்டை வீதியில் தமிழர் வீடுகளைத் தேடிக் கூட்டம் வந்தபோது, பின் ஒழுங்கையால் வந்து நவரட்ணராஜாவையும் மனைவி லீலாதேவியையும் கூட்டிப்போனவரும் லாபிர்தான். மூன்று நாள் தன் வீட்டுச் சாமான் அறையில் வைத்துச் சோறு போட்டார். பிறகு அகதி முகாம், பிறகு யாழ்ப்பாணம். பதினான்கு மாதம் கழித்து நவரட்ணராஜா வேலைக்குத் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் கரிபிடித்த சுவர்கள் நின்றன. கந்தோரில் கொப்பியை எடுத்து, நாற்பத்தொரு பதிவுகளுக்கு எதிரிலும் சிவப்பு மையால் ‘எரிந்தது, 26.7.1983’ என்று எழுதினார். கண்ணால் காணாமல் அவர் எழுதிய பதிவு வாழ்நாளில் அது ஒன்றுதான்.

1991 ஓகஸ்ட் போயாவுக்கு, ஓய்வுபெற்ற நில அளவையாளர் சேனாரத்ன ஒரு பார்க்கர் 51 கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார், துண்டு வேண்டும் என்றார். நவரட்ணராஜா பேனையின் உடலைத் திருப்பினார். ஐந்து என்ற இலக்கமும் இரண்டு புள்ளிகளும். 1945, இரண்டாம் காலாண்டு. அந்த வருடம் பேராதனைப் பூந்தோட்டத்தில் படைத் தலைமையகம் இருந்தது. அங்கிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி இதே மாதிரி ஒன்றைத்தான் அவருடைய தகப்பனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே 17.

இது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தகப்பனின் பேனை மேசையில் கிடக்கிறது. ஆனால் வடக்கில் சண்டை நடக்கிற காலம். பஸ்ஸில் வரும்போதே இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்திருந்தார்கள். தமிழன் ஒருவன் சிங்களவர் கொண்டுவந்த பொருளைத் தன் பொருள் என்றால், தன் கையால் எழுதிய கொப்பி போதாது, சாட்சி வேண்டும். சாட்சி எதிர்க் கதிரையில் இருந்தது. நவரட்ணராஜா லாபிரைப் பார்த்தார். லாபிர் ஒரு மணிக்கூட்டைத் திறந்து, அதற்குள் குனிந்துகொண்டார்.

நவரட்ணராஜா துண்டை எழுதினார். கடைசி வரி: ‘மூடியின் உட்புறம் 17 என்று ஊசியால் கீறப்பட்டுள்ளது.’ அந்த வரி தேவையா என்று சேனாரத்ன சிங்களத்தில் கேட்டார். இருப்பதை எழுதாமல் கையொப்பம் வைப்பதில்லை என்றார் இவர்.

பஸ் நிலையம் வரை லாபிர் கூடவே வந்தார். மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும் சொன்னார்.

“அத நான்தான் அவருக்குக் குடுத்தேன், ஐயா.”

“உங்களிட்டை எப்பிடி வந்தது?”

“நீங்க முகாமுக்குப் போன கிழமை, ஒருத்தன் பிஸ்கட் டின்னுல போட்டுக் கொண்டுவந்தான். மூடியத் திறந்து பார்த்தேன். உங்கட இலக்கம். திருப்பித் தரத்தான் வாங்கினேன், அல்லாஹ் அறிய. பொறகு பொலிஸ் கடை கடையாக் கொள்ளைச் சாமான் தேடினாங்க. பயத்துல ஒவ்வொண்டாத் தள்ளிட்டேன்.”

“பதினாலு மாசத்திலை வந்திட்டன் தானே, லாபிர் நானா. வந்து ஏழு வருசமாப் போச்சு.”

லாபிர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

“நீங்க திரும்பி வருவீங்க என்டு நான் நெனக்கல்ல.”

மூன்று நாள் சாமான் அறையில் மஸீனா, லாபிரின் மனைவி, கொண்டுவந்து வைத்த சோற்றை நினைத்தாரோ என்னவோ, நவரட்ணராஜா குரலை உயர்த்தவில்லை.

“டின்னுக்குள்ளை எத்தினை இருந்தது?”

“முப்பத்தெட்டு.”

“ஆரார் கையிலை இருக்கு?”

“அது ஞாபகமில்ல, ஐயா. அடுத்த போயாவுக்கு வருவீங்களா?”

“ஓம், வருவன். வேற எங்கை போய் நான் அதுகளைப் பாக்கிறது?”

அடுத்த நாள் கந்தோரில் கொப்பியை எடுத்து, பதினேழாம் பதிவில் ‘எரிந்தது’ என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, ‘கண்டேன்’ என்று எழுதித் திகதி இட்டார். மற்ற நாற்பதையும் அப்படியே விட்டார். அவற்றை இன்னும் காணவில்லை.

1997இல் இறக்கும்வரை ஒரு போயாவும் தவறாமல் போனார். அவருடைய பேனைகளில் பதினொன்று அந்த மேசைக்கு வந்தன. பதினொன்றுக்கும் துண்டு எழுதி, கடைசி வரியில் இலக்கத்தைக் குறித்து, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்தார். அது என்ன இலக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது அங்கே வழக்கமில்லை.