'வேண்டாம்' கட்டத்தில் விழுந்த நெமானி

நெமானிக்கு ஐம்பத்தாறு வயது. தென்கடல் தீவொன்றில், சிங்கட்டோக்கா ஆற்றோரமாகப் பள்ளத்தாக்குக்குள் போய்த் திரும்பும் பேருந்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிட வேண்டியதுதான். வண்டியில் யாராவது போன சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால் வேகம் தானாகக் குறையும். பேச்சு நடுவர் செய்த தவறுக்கு வந்துவிட்டால் வண்டி நின்றேவிடும். அவசரமாகச் சந்தைக்குப் போக வேண்டிய பெண்கள் ஏறும்போதே, இன்றைக்கு யாரும் ரக்பி என்று வாயைத் திறக்கக் கூடாது என மிரட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இளவயதில் அவரும் பள்ளத்தாக்கு கிளப்புக்கு ஆடியவர்தான். மொத்தம் பதினோரு ஆட்டம். பிறகு முழங்கால் போய்விட்டது. அந்தப் பதினோரு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்து ட்ரை வைத்திருக்கிறார். முதலில் அது பத்து கஜ ஓட்டமாக இருந்தது. சொல்லச் சொல்ல வளர்ந்து, இப்போது பாதி மைதானத்தையும் நாலு எதிராளிகளையும் தாண்டிவிட்டது. அடுத்த கிராமத்து வைசாகேயைக் கேட்டால் வேறு கதை வரும். அன்றைக்கு எதிரணி மொத்தமும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தது என்பார்.

வைசாகே, நெமானியின் அத்தை மகன். அந்த ஊரில் அத்தை மகனும் மாமன் மகனும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பேசினால் ஏதோ சண்டை என்று அர்த்தம். பார்த்த இடத்தில் வாரிவிட வேண்டும், கல்யாணத்தில், சந்தையில், சாவு வீட்டில்கூட. நெமானியும் வைசாகேயும் இந்தக் கடமையில் ஒரு நாள்கூட விடுமுறை எடுத்தவர்கள் இல்லை. நாற்பது வருடத்தில் அவர்களுக்கிடையே ஒரு நேரான வாக்கியம் போய்வந்ததாக யாரும் கண்டதில்லை.

கிளப் ரசிகர்களுக்கு நெமானிதான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வெளியூர் ஆட்டத்துக்கு அவருடைய வண்டியில்தான் போக வேண்டும், அதனால் தலைவர்.

அவருடைய மகன் இலைதியா பிரான்ஸில் ஒரு கிளப்புக்கு ஆடுகிறான். இருபத்தொரு வயதில் போனவன். ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவை, பெரியப்பா செத்தபோது, ஒன்பது நாள் வந்துவிட்டுப் போனான். இங்கே எல்லோரும் கூடுகிற மாதங்களில் அங்கே ஆட்டம் உச்சத்தில் இருக்கும். அங்கே ஓய்வு கிடைக்கும்போது காலில் ஏதாவது வெட்டித் தைக்க வேண்டியிருக்கும். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நெமானி வீடியோவிலும் கைபேசியை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசுகிற வழக்கத்தால், தாத்தா என்றால் ஒரு பெரிய மூக்குத் துவாரம் என்றே அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. உலகத்துக் கிளப்புகளுக்கெல்லாம் ஒரு புதுப் போட்டி நடத்தப்போகிறார்களாம். கடலுக்கு இந்தப் பக்கம் எட்டு, ஐரோப்பாவிலிருந்து எட்டு. இன்னும் முடிவாகவில்லை, யோசனைதான். ஆனால் வரைவுப் பட்டியலில் பள்ளத்தாக்கு கிளப்பின் பெயர் இருந்தது. முதல் சுற்றில் அதோடு மோத வருவது இலைதியாவின் கிளப். எங்கே ஆடுவது என்பதற்கு மூன்று மைதானங்களை எழுதிவைத்திருந்தார்கள். இரண்டு ஆஸ்திரேலியாவில். ஒன்று சிங்கட்டோக்கா ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நெமானியின் வண்டி தினம் நாலு தடவை கடக்கிற மைதானம். ரசிகர்களுக்கு விருப்பமில்லாத ஊருக்கு ஆட்டம் கிடையாது என்றும், கருத்துக் கேட்க ஆள் வருவார் என்றும் சொன்னார்கள்.

அன்றிலிருந்து வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. பின் இருக்கையில் மரவள்ளி மூட்டைமேல் சாய்ந்திருந்த ஒருவர், வெளிநாட்டுக் கிளப்புகள் வந்து நம் பையன்களை நன்றாகப் பார்த்துவைத்து நாலு பேரை வாங்கிப் போகத்தான் இந்தப் போட்டி என்றார். இன்னொருவர், இப்போது மட்டும் என்ன, பார்க்காமலேயே வாங்கிக்கொண்டுதானே போகிறார்கள், வாங்குகிறவன் முகத்தையாவது ஒரு தடவை பார்ப்போமே என்றார். பையன்களின் கால் எத்தனை ஆட்டத்தைத் தாங்கும் என்று சோளம் விற்கிற அம்மா கேட்டார். தொலைக்காட்சிக்காரன் ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டால் என்ன செய்வது என்றது ஒரு குரல். அதற்கு மட்டும் வண்டி மொத்தமும் ஒத்துப்போனது: ஞாயிறு என்றால் கோவில்தான், மைதானத்தில் தேவதூதர்களே இறங்கி ஆடினாலும் ஆள் வராது.

நெமானி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தன் மனதில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. ஊர்ப் பொது விஷயத்தில் என் பிள்ளை, என் பேத்தி என்று ஆரம்பிப்பது அங்கே அசிங்கம். வீட்டில் மனைவி உனைசியிடம்கூட மைதானத்துப் புல்லைப் பற்றித்தான் பேசினார்.  உனைசி இலைதியாவின் பழைய அறையில் அடுக்கியிருந்த பாய்களை எடுத்து வெயிலில் காயப்போட்டாள்.

கருத்துக் கேட்க வந்தவன் டங்கன் என்ற நியூசிலாந்து இளைஞன். நல்ல பையன். சனிக்கிழமை மதியம் வந்தான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், யங்கோனா வேர்க்கட்டைக் காகிதத்தில் சுற்றி, முறைப்படி சபை முன்னால் வைத்தான். ஊர்க் கூடத்தில் அறுபது எழுபது பேர். எல்லோரும் குடிக்க மரத்தொட்டியில் யங்கோனாவை இடித்துக் கரைத்தார்கள். சிரட்டை கைக்கு வந்ததும் டங்கன் மரியாதைக்கு ஒரு தடவை கைதட்ட வேண்டிய இடத்தில் மூன்றும், மூன்று தட்ட வேண்டிய இடத்தில் ஐந்தும் தட்டினான். குறைத்துத் தட்டாததால் மன்னித்துவிட்டார்கள்.

சபையில் பேச்சு ஊர்ப் பாஷையில்தான் நடக்கும். அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்க கெலெரா டீச்சரை உட்காரவைத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று டங்கன் கேட்டுக்கொண்டான். கெலெரா டீச்சர் தேர்வு அறையில் சொந்தத் தங்கையையே எழுப்பி வெளியே அனுப்பியவர். அப்படியே செய்கிறேன் என்றார்.

கருத்தை எழுதும் படிவம் சின்னதுதான். தனித்தனியாகச் சிலர் பேசுவார்கள். கடைசியில் ரசிகர் தலைவரின் கருத்து, அதற்கு இரண்டு கட்டம்: வேண்டும், வேண்டாம்.

பையன்களின் கால் வலியைப் பற்றிப் பேசினார்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனது. நெமானி தொண்டையைச் செருமிக்கொண்டு எழத் தயாரானார். பேச்சைப் பேருந்திலேயே மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தார். இளைஞர்களுக்கு நல்லது, ஊருக்குப் பெருமை, கடைகளுக்கு வியாபாரம். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் மகனை வரவழைக்கிற பேச்சு.

சனி எந்த ரூபத்தில் வரும் என்று தெரியாது. அன்றைக்கு வைசாகே ரூபத்தில் முந்திக்கொண்டு எழுந்தது.

வைசாகே, இந்தப் போட்டி கண்டிப்பாக வர வேண்டும் என்றார். நம் ஊரில் நடக்க வேண்டும், நான் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நெமானியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவ்வளவுதான். நாற்பது வருடப் பழக்கம் நெமானியின் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"இவன் முதல் வரிசையில உக்காருவான்னா அந்தப் போட்டியே வேணாம். இவன் மூஞ்சியப் பாத்தா வந்தவங்க வந்த கப்பல்லயே திரும்பிடுவாங்க."

கூடம் குலுங்கியது. வைசாகே உட்காராமல், பள்ளத்தாக்கு அணிக்கு அன்றைக்கு ஆள் குறைந்தால் நெமானியை இறக்கலாம், எதிரணி தண்ணீர் குடிக்கப் போகும்வரை காத்திருந்து ஒரு ட்ரை வைப்பார் என்று சொன்னார். நெமானிக்குச் சூடு ஏறிவிட்டது.

"எங்களுக்கு ஒரு டீமா? கையில பந்தக் குடுத்தா சுடுது சுடுதுன்னு கீழ போடுற கூட்டம். எதுக்கு ஊர் சிரிக்கணும்? யாரும் இங்க வர வேணாம். ஆஸ்திரேலியாவுலயே வச்சுக்கங்க, இவனையும் கூட்டிட்டுப் போயி அங்கயே விட்டுருங்க."

ஒரு பெண்மணி சிரித்துச் சிரித்துத் தூணில் தலையை இடித்துக்கொண்டார். யங்கோனா கரைத்தவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். நெமானி திருப்தியாக உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பெருமை, வியாபாரம் எதையும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சரி, எல்லோருக்கும் தெரியும்தானே என்று நினைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் தெரியும். டங்கனுக்குத் தெரியாது. கெலெரா டீச்சருக்குத் தெரியும், ஆனால் சிரிப்பை எழுதச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முடிவில் டங்கன் எழுந்து நன்றி சொன்னான். வெளிப்படையாகப் பேசியதற்கு, குறிப்பாகத் தலைவருக்கு, மிகவும் கடமைப்பட்டிருப்பதாகச் சொன்னான். பிறகு தலைவரின் கருத்தைப் படித்துக்காட்டினான். கெலெரா டீச்சர் அதை ஊர்ப் பாஷையில் சொன்னார். போட்டி தேவையில்லை. அணி தயாராக இல்லை. வெளியாட்கள் யாரும் வர வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நடத்தலாம். வேண்டாம் கட்டத்தில் டிக்.

சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. 

நெமானி வாயைத் திறந்தார். அது விளையாட்டு என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் உண்மையான கருத்து என்ன? ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. நெஞ்சில் மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதைச் சபையில் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு பாயில் கிளம்பியிருந்த ஒரு நாரைப் பிய்க்க ஆரம்பித்தார். டங்கன் காகிதங்களை உறைக்குள் வைத்தான். அவனுடைய வண்டி வெளியே காத்திருந்தது.

வைசாகே எழுந்தார். நாலு பேர் இப்போதே சிரிக்கத் தயாரானார்கள். அவர் நெமானியைப் பார்க்கவில்லை. கெலெரா டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், நான் சொல்றத எழுதுங்க. இவரு பையன் அந்த பிரான்ஸ் டீம்ல ஆடுறான். ஆறு வருசத்துல ஒம்பது நாள்தான் வந்தான். பேத்திய இவரு கையால தூக்கினதில்ல. இந்த ஆட்டம் இங்க நடந்தா அவன் வருவான். இவரு அதச் சொல்ல மாட்டாரு. நான் கிண்டல் பண்ணதாலதான் இவரு அப்படிப் பேசினாரு. தப்பு என்மேல."

இவன் அல்ல, இவரு. கூடத்தில் எல்லோர் காதிலும் அதுதான் விழுந்தது. நெமானி நிமிரவே இல்லை. பாயில் ஒரு சாண் நார் போய்விட்டிருந்தது.

டங்கன், இது உண்மையா என்று டீச்சர் வழியாகக் கேட்டான்.

"ஆமா," என்றார் நெமானி. பிய்த்த நாரைக் கீழே போட்டுவிட்டு, "ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம்."

டங்கன் உறையைப் பிரித்துப் புதுப் படிவம் ஒன்றை எடுத்தான். பழையதைக் கிழிக்கப் போனவனைத் தடுத்து, அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், பேசியது பேசியதுதான் என்று கெலெரா டீச்சர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் இரண்டையும் ஊசி குத்தி வைத்தார்கள். பழைய தாளின் ஓரத்தில் டீச்சர் தன் கைப்பட ஒரு வரி எழுதினார்: பேசியவர் மச்சான் முறை உள்ளவருக்குப் பதில் சொன்னார், பொருட்படுத்த வேண்டாம். டங்கன் அதை இரண்டு தடவை படித்தான். புரிந்ததா தெரியாது. கீழே கையெழுத்துப் போட்டான்.

கலைந்து போகும்போது நெமானியும் வைசாகேயும் வாசலில் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டார்கள். என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த பத்து நாள் நெமானியின் பேருந்தைக் கண்டால் வைசாகே கடைக்குள் நுழைந்துகொண்டார். பதினோராம் நாள் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி, இந்த எருமை ஏறாமல் வண்டி நகராது என்று நெமானி அறிவித்த பிறகுதான் பயணிகளுக்கு மூச்சு வந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தகவல் வந்தது. போட்டி நடக்குமா என்பது இன்னும் பெரியவர்கள் கையில்தான் இருந்தது. நடந்தால் அடுத்த வருடம், சனிக்கிழமை, சிங்கட்டோக்காவில்.

அன்று சாயங்காலம் இலைதியா வீடியோவில் கூப்பிட்டான். நெமானி வண்டியை ஆற்றோரம் ஒதுக்கிவிட்டுப் பேசினார். பயணிகள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

"அப்பா, நடந்தா பாப்பாவையும் கூட்டிட்டு வருவேன்."

"சரி."

"பயிற்சியாளர் என்னைத்தான் ஓரத்துல எறக்குவாரு. உங்க பக்கத்துப் பசங்கள தாண்டித்தான் ஓடணும்."

"சரி."

இலைதியா கேட்டான்.

"நான் ட்ரை வச்சா என்னப்பா பண்ணுவீங்க?"

நெமானி கைபேசியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து மகனை முழுதாகப் பார்த்தார். அப்பாவும் மகனும் அந்த ஊரில் கிண்டல் பேசிக்கொள்ளும் முறை கிடையாது. பின்னால் முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், அத்தனை பேரும் பள்ளத்தாக்கு கிளப் ரசிகர்கள்.

"மொதல்ல வையி," என்றார். "அப்புறம் பாத்துக்கலாம்."