பூஞ்சையின் பெயர்

பாதியாக உடைத்த சவர பிளேடு ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு இரும்பு தாங்காது. அவ்வப்போது எண்ணெய் தடவித் துடைத்து வைக்கிறேன்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் அண்ணனுக்காக லைக்கன் அறுத்தது அந்தப் பிளேடால்தான். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்ல, முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சீனியர். மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்குமே, அதுதான் லைக்கன். பார்க்க ஒற்றை உயிர், உள்ளே இரண்டு. பூஞ்சை வீடு கட்டிக் காக்கும். உள்ளே குடியிருக்கும் பாசி வெயிலில் சமைத்து இரண்டுக்கும் சோறு போடும். பிரிக்பீல்ட்ஸ் சாலையோர மரங்களிலிருந்து நான் சுரண்டி எடுத்து வந்து, நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சீவல்களாக அறுப்பேன். காய்ந்ததை அப்படியே அறுத்தால் பொடியாகிவிடும், ஊறப்போட்டால் வழுக்கும். ஒரு சொட்டு நீர் விட்டு, விறைப்பு தளரும் நேரம் பார்த்து அறுக்க வேண்டும். அண்ணனுக்கு அந்தப் பொறுமை வரவே இல்லை. "நீ பாசி, நான் பூஞ்சை. நல்ல ஜோடி லா தம்பி," என்று தோளில் தட்டுவார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்; அந்தத் தட்டலில் குளிர்ந்துபோவேன். ஆய்வில் இரண்டு பேர் பெயரும் வரும் என்று சொல்லியிருந்தார்.

ஆய்வுக் கண்காட்சியன்று கிள்ளானிலிருந்து அம்மாவை அழைத்து வந்தேன். சுவர் முழுக்க நான் அறுத்த சீவல்களின் படங்கள். ஆங்கிலத்தில் அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். வரி வரியாக விரலை ஓட்டிவிட்டுக் கேட்டார்: "ஒன் பேரு எங்கய்யா?"

அண்ணன் முந்திக்கொண்டார். "ஆன்டி, லைக்கனுக்கு எப்பவும் பூஞ்சை பேருதான் வைப்பாங்க. அதான் சயின்ஸ்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏதோ நல்லது சொல்கிறார் என்று நினைத்து அம்மாவும் சிரித்தார். அம்மாவைச் சிரிக்க வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. லைக்கனின் அறிவியல் பெயர் பூஞ்சைக்கு உரியதுதான். ஆனால் பாதியைத்தான் சொன்னார். பல பாசிகள் வீட்டை விட்டு வெளியேறியும் பிழைத்துக்கொள்ளும். பாசி போய்விட்டால் பூஞ்சை தனியே வாழ்வது அரிது.

சென்ற மாதம் அண்ணன் போனில் அழைத்தார். நான் இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். "தம்பி, தேர்வாளருங்க முன்னால நானே அறுத்துக் காட்டணுமாம். எல்லாம் பொடிப்பொடியா போவுது. நீ எப்படி லா அறுப்ப?"

ஒரு சொட்டு நீர். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பூஞ்சைய கேளுங்கண்ணே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இன்று மாலை பிளேடை எடுத்து, காய்ந்த லைக்கனில் ஒரு சொட்டு நீர் விட்டு, அறுத்துப் பார்த்தேன். நுண்ணோக்கியில் பாசியின் பச்சை அடுக்கு பளிச்சென்று தெரிந்தது. மறுபடி எண்ணெய் தடவி மூடி வைத்தேன். பிளேடு துருப்பிடிக்கவில்லை, கோபமும்தான்.