தொய்வாகச் சுற்றிய கை

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றின் கொலரைத் தைத்துக்கொண்டிருந்தேன். வலக்கை துணியை நேராகத் தள்ளவேண்டும். தள்ளவில்லை. தையல் வளைந்து ஓடியது. துணிதான் வழுக்குகிறது என்று நினைத்து இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். மூன்றாந்தரம் பார்த்தால் கை மெசினில் இல்லை, மடியில் கிடக்கிறது. எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது.

சட்டைக்காகக் காத்திருந்த பக்கத்து வளவுச் செல்வி, “என்னகா, வாயை ஒரு பக்கமா இழுக்கிறீங்க, பகிடியா?” என்று கேட்டாள். பகிடி இல்லையடி என்றுதான் சொன்னேன். வெளியே வந்தது வேறு என்னவோ சத்தம்.

அன்று ஹர்த்தால். ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் இல்லை. தலைச்சுற்றாக இருக்கும், படுத்து எழும்பினால் சரி என்று படுத்துவிட்டேன். இதை வாசிக்கிற உங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்: வாய் கோணி, கை இறங்கினால் நாளைக்கு என்று சொல்லாதீர்கள். சைக்கிள் கரியரில் ஏற்றியாவது கொண்டுபோங்கள். நான் விடியும்வரை கிடந்தேன். அந்த நேரத்தின் விலையை இன்றும் கட்டுகிறேன்.

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் பாரிசவாதம் என்றார்கள் (மூளைக்குப் போகும் குருதி ஓரிடத்தில் அடைபட்டு, உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). பிரஷர் (குருதி அமுக்கம்) எனக்கு எப்போதிருந்து ஏறிக்கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஷெல் சத்தத்துக்கும் சுற்றிவளைப்புக்கும் நெஞ்சு அடிக்கிற அடியை நோய் என்று அப்போது யார் கணக்கில் எடுத்தோம்?

பத்து நாளில் பேச்சு திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடந்தது. கை மட்டும் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு டொக்டர் நல்ல மாதிரிதான் சொன்னார். “ஆறு மாதத்துக்குள்ள வராதது வாறது குறைவு அம்மா. மனதைத் தயார்ப்படுத்துங்க.”

“அந்த ஆறு மாசம் எப்ப தொடங்கினது டொக்டர்? நான் விழுந்த நாளா, நான் கையை ஆட்டத் தொடங்கிற நாளா?”

அவர் சிரித்தார். கிளினிக் துண்டில் திகதி எழுதித் தந்தார். பதில் இல்லாத கேள்வி ஒன்று கையில் இருப்பது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

வீட்டில் என் தம்பி கனகு வந்து நின்றான். அவன் படுவான்கரையில், வாவிக்கு அந்தப் பக்கம், வேளாண்மைக்காரன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் கட்டிப் பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். அம்மா எனக்கு எழுதிய வீட்டில் நான் கல்யாணம் கட்டாமல், மெசினோடு தனியே இருந்தேன். அதனால் கனகு கேட்டது சின்ன விசயம் இல்லை.

“அக்கா, வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோட வாங்க. ஒரு பிரச்சினை வந்தா நீங்க ஓட ஏலா.”

“அங்கயிருந்து ஆசுபத்திரிக்கு எப்படிக்கா வாற?” என்று செல்வி குறுக்கே கேட்டாள். “தோணித்துறையை ஆமிக்காரன் ஒரு நாள் திறப்பான், ஒரு நாள் மூடுவான்.”

“உயிர் முந்தி, கை பிந்தி,” என்றான் கனகு. அவனுடைய கண் கலங்கியிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். போனால் கிளினிக் இல்லை. கை இப்படியே நிற்கும். மச்சாளின் (தம்பி பெண்டாட்டியின்) வீட்டு மூலையில், இடக்கையால் சோறு அள்ளித் தின்கிற மனிசியாக நான் மிச்சக் காலத்தையும் இருக்கவேண்டும்.

“தைப்பூசத்துக்கு வா. புதிர்ச்சோறு (புது நெல்லில் சமைக்கிற முதற்சோறு) இஞ்சதான் சமைக்கிறன். அதை நான் வலக்கையால திண்டா நீ வாயை மூடு. இல்லாட்டி உன்னோட தோணி ஏறுறன்.”

அவன் ஒப்புக்கொண்டான். அப்போது என் வலக்கைக்கு ஒரு கரண்டி பிடிக்கக்கூட ஏலாது.

கிழமைக்கு இரண்டு நாள் ஆசுபத்திரிப் பயிற்சி அறை. அங்கே இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் குணமாக்குபவர்) ஒரு பிள்ளை, களுவாஞ்சிக்குடிக்காரி. எல்லோருக்கும் அவள் மிஸ். பந்து அமத்துவதும் கட்டை அடுக்குவதும் எனக்குச் சலித்துப்போனதைக் கண்டுவிட்டு, ஒரு நாள் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினாள். யாரோ வெளிநாட்டுக்காரி ஒரு காலத்தில் விட்டுப்போனதாம். உள்ளே பழைய காலத்து மரச்சட்டங்கள். உள்ளங்கையளவு சதுரம், நான்கு விளிம்பிலும் நெருக்கமாகச் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள். ஒரு நீள ஊசி. செய்முறைத் தாளை ராமபாணப் பூச்சி பாதி தின்றிருந்தது.

மிச்சப் பாதியை மிஸ் வாசித்தாள். நூலை ஆணிகளில் மேலும் கீழுமாக ஒரு தரம், குறுக்கே ஒரு தரம், மறுபடி மேலும் கீழுமாக ஒரு தரம் சுற்றவேண்டும். பிறகு ஊசியில் நூலைக் கோத்து, குறுக்கே, ஒரு நூலுக்கு மேலே ஒரு நூலுக்குக் கீழே என்று பதினாறு வரிசை ஓட்டவேண்டும். ஆணியிலிருந்து கழற்றினால் ஒரு சதுரத் துணி. வெட்டவும் வேண்டாம், ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம். ஓரம் தைத்தே பாதி வயது போன எனக்கு அது மாயம் மாதிரி இருந்தது.

“ஊசியைப் பிடிக்கிற பிடியும் சோத்தைக் கிள்ளிற பிடியும் ஒண்டுதான் அக்கா,” என்றாள் மிஸ். பெருவிரலும் இரண்டு விரலும். அந்த ஒரு சொல் போதும், நான் சட்டத்தை விடவில்லை.

நூல்? கம்பளி நூலுக்குச் செய்த சட்டம் அது. எங்கள் வெக்கையில் கம்பளியை யார் கண்டது? நூல் தந்தவர் ஹாஜரா ராத்தா. காத்தான்குடிக்காரி, சாரம் (லுங்கி) நெய்கிற முஸ்லிம் வீடு; ராத்தா என்றால் அவர்களுக்கு அக்கா. அவருடைய கணவருக்கும் என் நோய்தான், இடப்பக்கம். அடுத்தடுத்த ஊர்கள் எங்களுடையவை. ஆனால் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கொலை விழுந்த அந்த வருடங்களில் எல்லைத் தெருவைத் தாண்டி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. பயிற்சி அறையின் ஒரே வாங்கில் (பெஞ்சில்) இரண்டு கிழமை பேசாமல் இருந்தோம். மூன்றாம் கிழமை அவர் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்; பொறுக்கமுடியவில்லை.

“என்ன புள்ள, ஆணியோட மல்லுக்கட்டுறாய்? தறியை அடுப்புல வச்சிச் சுருக்கின மாதிரி இரிக்கி.”

அடுத்த முறை ஒரு பை நிறையத் தறிக்கழிவு நூல் கொண்டுவந்தார். பச்சை, ஊதா, நாவல்பழ நிறம். எல்லாம் சாரத்துப் பருத்தி.

“இழுத்துக் கட்டு. பாவு (தறியின் நெடுக்கு நூல்) தொய்ஞ்சா எங்கட மனிசன் என்னத் திண்டுபோடுவார். இப்ப பேச ஏலாட்டியும் முழியால திண்டுபோடுவார்,” என்றார். அவருடைய கணவர் உண்மையாகவே முழித்துப் பார்த்தார்.

தையல்காரியும் அதைத்தான் சொல்வாள். நூல் என்றால் இழுப்பு வேண்டும். நான் இழுத்துச் சுற்றினேன். நூல் வீணைத் தந்தி மாதிரி நின்றது. ஊசி ஐந்து வரிசை சுகமாக ஓடியது, பத்தாவதில் திணறியது, பன்னிரண்டாவதில் நின்றது. தள்ளினால் ஆணி வளைந்தது. பிரித்தேன். மறுபடி சுற்றினேன். மறுபடி பன்னிரண்டு. மாதக்கணக்காக ஒரு சதுரமும் முடியவில்லை. ஹாஜரா ராத்தா, “இன்னும் இழு,” என்பார். நானும் இன்னும் இழுப்பேன். நூலைத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் இப்படியும் பிழை விடலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் கள்ள வேலை செய்தேன். சட்டத்தை மடியில் வைத்து, அசையாமல் இருக்க வலக்கையை அதன்மேல் கல்லு மாதிரி வைத்துவிட்டு, சுற்றுவதையும் கோப்பதையும் இடக்கையால் செய்தேன். என் தைப்பூசப் பந்தயம் தெரிந்த மிஸ் ஒரு நாள் பிடித்துவிட்டாள். “நல்லம் அக்கா. தைப்பூசத்துக்கு இடக்கை நல்லாச் சாப்பிடும்.” அதற்குப் பிறகு வலக்கையும் கொஞ்சம் கிள்ளப் பழகியது, பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும். ஆனால் சுற்றும் வேலையை நான் அதனிடம் கொடுக்கவில்லை. தொய்வாகச் சுற்றிக் கெடுத்துவிடும் என்ற பயம்.

மார்கழியில் ஒரு காலை. சென்றியில் (இராணுவச் சோதனைச் சாவடி) எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். என் பையில் கைவிட்ட ஆமிக்காரன் சட்டத்தை வெளியே எடுத்தான். மரம், சுற்றிவர ஆணி, நீள ஊசி. அவனுடைய முகம் மாறியது.

“இது என்ன? ஏன் ஆணி?”

“கைக்கு மருந்து.”

“ஆணி மருந்தா?” அவன் சட்டத்தை மணல்மூட்டைக்குப் பின்னால் வைக்கப்போனான். அங்கே வைத்த எதுவும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. தைப்பூசத்துக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

“தாங்க, செய்து காட்டுறன்,” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

தெரு நடுவில் நிற்கிறேன். உட்கார இடமில்லை, மடி இல்லை. சட்டத்தை யாராவது பிடிக்கவேண்டும், இடக்கை பிடித்தது. அப்படியென்றால் சுற்றுவதற்கு மிச்சம் இருந்தது ஒரு கைதான்.

அது போய்த் தேடித் தேடி ஒவ்வொரு ஆணியையும் பிடித்தது. இழுக்க அதற்குப் பலமில்லை. நூல் தொய்ந்து தொய்ந்து விழுந்தது. பின்னால் நின்ற மீன்காரர், “அக்கோய், கெதியா நெய்ங்க, எண்ட கூடைக்க மீன் நாறப்போகுது,” என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சென்றியில் சிரிப்புச் சத்தம் அன்றுதான் கேட்டேன். பஸ் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். எனக்கு வியர்த்து ஊற்றியது. ஆனாலும் விடவில்லை. காட்டு என்று கேட்டவன் நின்று பார்க்கட்டும்.

மூன்று சுற்றும் முடிந்து ஊசியைப் பிடித்தேன். பத்து. ஊசி திணறவில்லை. பன்னிரண்டு. ஓடியது. பதின்மூன்று, பதினான்கு. தொய்ந்து கிடந்த நூலெல்லாம் இப்போது ஊசிக்கு இடம் விட்டு, மெல்ல மெல்லத் தானாக இறுகி வந்தது. பதினாறு. கழற்றினேன். பச்சையும் நாவலும் கலந்த ஒரு சதுரம், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல், என் வாய் மாதிரி.

கம்பளி என்றால் இழுத்தால் நீண்டு கொடுக்கும். பருத்தி கொடுக்காது. அந்தக் கொடுப்பை ஆரம்பத்திலேயே நாங்கள் விட்டுவைத்திருக்கவேண்டும். என் நல்ல கைக்கு அதைச் செய்யத் தெரியவில்லை. ஏலாத கை அறியாமல் செய்தது.

ஆமிக்காரன் சதுரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்குத் தா,” என்றான். கடுமையாகக் கேட்கவில்லை, சின்னப் பெடியன் மாதிரித்தான் கேட்டான்.

“ஏலா. இது எண்ட கை,” என்றேன்.

மீன்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார்.  பிறகு அவன் சதுரத்தையும் சட்டத்தையும் பையில் போட்டு, போ என்று தலையை ஆட்டினான். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பையைத் திறந்து சதுரம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

பயிற்சி அறையில் ஹாஜரா ராத்தா சதுரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். “தொய்வாவா சுத்தினாய்? முப்பது வருசம் தறியில இருந்தவளுக்கு உன்ட சோம்பேறிக் கை படிப்பிக்குதா?” என்று ஏசினார். ஏசிக்கொண்டே இன்னொரு சட்டத்தை எடுத்துக் கணவரின் இடக்கையில் திணித்தார். “நீங்களும் தொய்வாச் சுத்துங்க. இன்டைக்கு உங்களுக்கு ஏச்சு இல்ல.”

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு சதுரம், சுற்றுவதும் கோப்பதும் வலக்கையால். இதைப் படிக்கும் ஒருவர் இன்று பத்து நிமிடம் ஊசியைப் பிடித்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று அழுதால், எனக்கு அது தெரியும். நானும் அழுதேன். அழுதுகொண்டும் நெய்யலாம், நூல் நனைந்தால் காயும்.

தைப்பூசத்தன்று கனகு புது அரிசியோடு வந்தான். கூடவே என் உடுப்புக்கு ஒரு வெறும் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். வாசலில் அந்தப் பெட்டியைக் கண்டதும் எனக்குக் கை விறைத்தது (தசை தானாக இறுகுவது, பயத்திலும் வரும்). சமைத்து, படைத்து, இரண்டு வாழையிலை போட்டேன். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

முதல் பிடி இலையிலேயே விழுந்தது. இரண்டாவது நாடியில் (மோவாயில்) ஒட்டியது. மூன்றாவது வாய்க்குள் போனது.

கனகு தின்று முடித்துவிட்டான். பந்தியில் மற்றவர் முடிக்காமல் எழும்பக்கூடாது. அவன் கையில் சோறு காய்ந்து வெடிக்கும்வரை இருந்தான். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பிடியையும் ஊசி மாதிரிப் பிடித்தேன்.

“அக்கா, பாதிச் சோறு இலைக்கு வெளியில கிடக்கு.”

“கிடக்கட்டும். கோழிக்கும் தைப்பூசம்தானே.”

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “ஓட வேண்டி வந்தா?”

“வந்தா இழுத்து இழுத்து ஓடுறன். நீ பாதிவழியில வந்து பிடி.”

கை கழுவிவிட்டு, தோணித்துறையை மூடுமுன் போகவேண்டும் என்று எழும்பினான். வெறும் பெட்டியை சைக்கிளில் கட்டியபோது அதற்குள் ஒரு சதுரத்தைப் போட்டுவிட்டேன். மச்சாளுக்கு, சட்டி இறக்க.

ஓட வேண்டியும் வந்தது, பிறகு இரண்டு தரம். இழுத்து இழுத்துத்தான் ஓடினேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நான்தான்.

இப்போது வருடங்கள் பல. வலக்கை இன்னும் என்னைவிட ஓர் அடி பிந்தித்தான் வருகிறது. ஒரு சாமானை எடுக்க நினைத்தால், நினைப்பு முதலில் போய் அங்கே நின்று, கை வரும்வரை காத்திருக்கும். முன்பு அதை ஏசுவேன். இப்போது காத்திருக்கிற அந்த நேரத்தில் சாமானை ஒரு தரம் நன்றாகப் பார்க்கிறேன். ஒரு காலையில் எட்டுக் கொலர் தைத்தவளுக்கு, இன்று ஒரு காலை என்றால் இரண்டு சதுரம்.

டொக்டர் சொன்ன ஆறு மாதம் எனக்கு இன்னும் முடியவில்லை. போன கிழமைதான் சுண்டுவிரல் ஓர் ஆணியைத் தொட்டது.