அமெரிக்காவுக்காக ஒரு ஜெபம்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை அம்மா ரயிலுக்குப் போகவில்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியுமுன் வண்டி பிடித்து, பெங்களூர் கார்மென்ட்ஸ் ஒன்றில் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு இருட்டிய பின் திரும்புகிறவள் அன்று அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். காரணம்தான் விளங்கவில்லை.

"நாங்க தெச்ச சட்டைய அமெரிக்காவுல யாரும் வாங்கலியாம். ஆர்டர் இல்ல, நீங்கல்லாம் வர வேணான்னுட்டாங்க."

"அவங்க இன்னாத்துக்கு வாங்கல?"

"அங்க பேங்கெல்லாம் முழுகிப்போச்சாம். அவங்களுக்கும் வேல போயிட்டுச்சாம்."

அவர்கள் வேலை யாரால் போனது என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. சுரங்கம் மூடும்வரை ஷிப்டுக்குப் போய்வந்த அப்பாவிடம் போனேன். "எங்களுக்கு மட்டும் இன்னா தெரிஞ்சுது? தங்கத்தவிட தோண்டற செலவு ஜாஸ்தின்னாங்க, மூடிட்டாங்க" என்றார். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் அமெரிக்காவைத் தேடினேன். நம் ஊருக்கு நேர் பின்பக்கம் இருந்தது. அவ்வளவு தூரத்தில் ஒருவர் சட்டை வாங்காவிட்டால் எங்கள் அம்மா எப்படி வீட்டில் உட்காருவாள் என்பது வாரம் முழுக்க என்னைக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் ஜெப விண்ணப்பம் கேட்டபோது எழுந்து நின்றேன்.

"அமெரிக்காக்காரங்க எல்லாரும் நெறைய சட்ட வாங்கணும்."

கோயிலே சிரித்தது. பாஸ்டரும் சிரித்துக்கொண்டே, "இன்னாத்துக்கும்மா?" என்றார்.

"எங்கம்மாவுக்கும், அவங்ககூட ட்ரெயின்ல போற அக்காங்க எல்லாருக்கும் வேல போச்சு."

சிரிப்பு நின்றது. அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். முன்வரிசையில் அம்மாவோடு வேலை செய்த அக்கா ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் கணவர் திரும்பி அவளையே பார்த்தார். பாஸ்டர் கண்ணை மூடி, தூரதேசத்து ஜனங்களின் கைகளை ஆசீர்வதிக்கும்படி நெடுநேரம் ஜெபித்தார். அந்த அக்கா முக்காட்டுக்குள் அழுதாள்.

என் ஜெபம் அவள் மனதைத் தொட்டுவிட்டது என்று வீடுவரை பெருமையாக நடந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் முழுக்க அந்த அக்கா, வேலை போனதை வீட்டில் சொல்லாமல், டிபன்பாக்ஸ் கட்டிக்கொண்டு அதே வண்டியில் பெங்களூர் போய், வேலை கேட்டு அலைந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறாள் என்பதை அம்மா எனக்குச் சொன்னது, நானே அந்த வண்டியில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான்.