நார்வேக்குக் கொண்டுபோன கச்சாயம்

வெளிநாடு போய்வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் அதைச் சும்மா விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் குழம்புக்குக் கை நீட்டுவதற்குள் சுவிட்சர்லாந்து வந்துவிடும். நானும் எட்டு வயதில் நார்வே போய்வந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பெரியப்பாவுக்குத் துடியலூரில் மோட்டார் பம்ப் பட்டறை. ஒரே மகன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லாததால் அவன்தான் அண்ணன். நான் பாதி கடித்த மிட்டாயைப் பிடுங்கித் தின்பான், எச்சில் என்று பார்க்கமாட்டான். மேல்படிப்புக்கு நார்வே போனவன், ஒரு விடுமுறையில் நண்பர்களோடு மலையேறப் போய், பாறையில் கால் வழுக்கிக் கீழே தண்ணீரில் விழுந்துவிட்டான். அந்த நாட்டில் மலைகளுக்கு நடுவே கடல் வெகுதூரம் உள்ளே புகுந்து கிடக்கிறது. ஃபியோர்டு என்கிறார்கள். ஆழம் அதிகம். தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை.

கிடைக்காததால் பெரியம்மா நம்ப மறுத்துவிட்டார். கருமாதி செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போட விடவில்லை. ஓர் அமாவாசையன்று பெரியப்பா மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைக்கப் போனபோது தட்டைப் பிடுங்கி எறிந்தார்.

“என்ற பையனுக்கா காக்காய்க்கு வெக்கறீங்க? நான் போயிக் கூட்டிட்டு வாரேன், பாருங்க.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அண்ணன் தொலைந்துபோய்விட்டான் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். தொலைந்தவனைத் தேடிப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து அழுகிறார்களே என்று எனக்குப் பெரியவர்கள் மேல் கோபம்கூட இருந்தது.

பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி சுற்றுலா. காந்திபுரத்தில் ஓர் ஏஜென்சி கோடை விடுமுறைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. கூடவே சமையல்காரரும் வருவார், எந்த ஊரில் இறங்கினாலும் ராத்திரி ரசம் உண்டு. அவர்கள் காட்டப்போகும் இடங்களில் அந்த ஃபியோர்டும் இருந்தது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை கூட இருந்தால் பெரியம்மா அழாமல் இருப்பார் என்பது அம்மாவின் கணக்கு.

விமானம் ஏறும் முன் பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “யாரு கேட்டாலும் ஊர் பாக்க வந்திருக்கறம்னு சொல்லோணும், கண்ணு. கூட வாரவங்க சந்தோசமா வந்தவங்க. நம்ம எழவை அவுங்க தலையில கட்டப்படாது.” அவ்வளவு மரியாதை அவருக்கு. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மரியாதை மேல் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆக, ஊர் பார்த்தோம். பூங்காவில் துணியில்லாத சிலைகளைப் பார்த்து எங்கள் கூட்டத்துப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். முழுக்க மரத்தாலேயே கட்டிய பழைய தேவாலயத்தைப் பார்த்தோம். மலை ரயிலில் போனோம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. பஸ்ஸில் பாட்டுப் போட்டி நடந்தது. பெரியப்பா தாளம் போட்டார். நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற கறுப்புத் தலைமுடிக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓர் அருங்காட்சியகத்தில் பழங்காலக் கப்பல் இருந்தது. அந்தக் காலத்தில் செத்தவர்களைக் கப்பலோடு சேர்த்தே புதைப்பார்கள், வழிக்குச் சாப்பாடும் வைப்பார்கள் என்றார் கூட வந்த வழிகாட்டி. அதுவரை எதையும் கேட்காத பெரியம்மா முன்னால் போனார்.

“ஏனுங்க, என்னென்ன வெச்சாங்க?”

ஆப்பிள், ரொட்டி மாவு, மாடுகூட உண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பெரியம்மா கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவுங்களுக்கு ஒடம்பு கெடச்சுது, வெச்சாங்க” என்றார். பெரியப்பா சட்டென்று அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

ஃபியோர்டுக்குப் போகும் நாள் காலை, பஸ்ஸில் பெரியம்மா பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே கச்சாயம். அரிசி மாவும் வெல்லமும் போட்டுச் சுட்டது, அண்ணனுக்கென்று ஊரிலிருந்தே கொண்டுவந்தது. உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் லேசாகத் திறந்தார். ஏலக்காய் வாசனை முன் சீட்டுக்குப் போய்விட்டது. பொள்ளாச்சி அம்மா ஒருவர் திரும்பினார்.

“ஏனுங்க, கச்சாயமுங்களா?”

எங்கள் ஊரில் இப்படி ஒருவர் கேட்டபிறகு டப்பாவை மூடுகிற பெண் இன்னும் பிறக்கவில்லை. “எடுத்துக்கோங்க” என்றது பெரியம்மாவின் வாய். கை மட்டும் டப்பாவை விடவில்லை. அந்த அம்மா உரிமையோடு வாங்கி, தானே எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர், இதைத் தின்னதுல இட்லியே மறந்துபோச்சு என்று சத்தம்போட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

“பசங்க இல்லீங்களா?” என்று பொள்ளாச்சி அம்மா கேட்டார்.

“ஒரு பையனுங்க. இங்கதானுங்க இருக்கறான்.”

“அட, அப்பப் பாத்துட்டுப் போலாமுங்க!”

“ஆமாங்க” என்றார் பெரியம்மா. டப்பா காலியாகத் திரும்பி வந்தது. மூடியைப் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று எனக்கு முதலிலேயே சந்தேகம் தட்டிவிட்டது. என் கச்சாயத்தில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தாளில் சுற்றி ஜெர்கின் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணனுக்கு அதுவாவது இருக்கட்டும் என்று.

படகில் காற்று காதை அறுத்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் கறுப்புத் தண்ணீர். அண்ணனின் நண்பர்கள் அனுப்பியிருந்த, அந்தப் பாறையின் போட்டோவைப் பெரியப்பா செல்போனில் வைத்துக்கொண்டு, வருகிற பாறையோடெல்லாம் ஒத்துப்பார்த்தபடி நின்றார். ஓர் அருவி வந்தது. அதன் பக்கத்தில் மொட்டைப் பாறை.

“அந்தா, அதான்” என்றார்.

அந்த நேரம் பார்த்து மொத்தக் கூட்டமும் அருவியைப் பார்க்க எங்கள் பக்கம் வந்துவிட்டது. யாரோ ஒருவர், எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்க என்று பெரியப்பாவிடம் செல்போனை நீட்டினார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். மகன் விழுந்த பாறை அவர்களுக்குப் பின்னால் தெரிய நின்றுகொண்டு, “இன்னுங் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க” என்றார்.

பெரியம்மா என்னைக் கம்பியோரமாக இழுத்தார்.

“கண்ணு, உன்ற பையில இருக்கறதக் குடு.”

“அது அண்ணனுக்குங்க பெரீம்மா.”

“அவனுக்குத்தாங் கண்ணு கேக்கறேன்.”

“நான் கடிச்சுப்போட்டனுங்க.”

“உன்ற எச்சலை அவன் என்னைக்குப் பாத்தான்?”

வாங்கி, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பாறையைப் பார்த்து எறிந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தண்ணீரில் விழுந்து மிதந்தது. படகின் பின்னாலேயே வந்துகொண்டிருந்த வெள்ளைப் பறவைகளில் ஒன்று சட்டென்று இறங்கி அதைக் கவ்வியது.

“சூ! சூ! பெரீம்மா, அண்ணனோடதைத் தூக்கிட்டுப் போகுதுங்க!”

கையை வீசி விரட்டப் பார்த்தேன். பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஓட்டாத கண்ணு. எடுத்துக்கிச்சு பாரு. உடு, திங்கட்டும்.”

அந்தத் திருட்டுப் பறவையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். கிளம்பியதிலிருந்து அழாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா செல்போனை உரியவரிடம் கொடுத்துவிட்டு வந்து, பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். “ஊருக்குப் போயிச் செஞ்சரலாமுங்க” என்று பெரியம்மா அவரிடம் சொன்னார். என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

படகு வேறொரு கரையில் நின்றது. எல்லாரும் இறங்கினோம். இறங்கியவர்களில் அண்ணன் இருக்கிறானா என்று கடைசி ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். படகுக்காரர் சங்கிலியை மாட்டினார். இன்னும் ஓர் ஆள் வரவேண்டும், கொஞ்சம் பொறுங்க என்று அவரிடம் தமிழில் சொன்னேன்.