கை சுடாத கற்பூரம்

"…கை சுடவே இல்லைன்னு தான போட்டிருக்கான்? இன்னொரு வாட்டி படிண்ணா."

கேட்டது என் தங்கை. அம்மன் கோயில் வாசலில், பட்டப்பகலில், அவளும் நானும் மட்டும். அவள் எதிரே கற்பூரத் தட்டு, என் கையில் செல்போன். ஒருமுறை படித்துக் காட்டியதே தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் குப்பத்தில் ஏரியில் வலை கட்டுவது முறை வைத்துத்தான். இன்றைக்கு இந்த இடத்தில் இன்னார், நாளைக்கு அடுத்தவர். அதைப் பாடு என்போம். பாடு இருந்தால்தான் அடுப்பு எரியும். பாடு விஷயத்தில் தகராறு என்றால் போலீசுக்குப் போக மாட்டோம். சந்தேகத்துக்கு ஆளானவன் அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வான். அதோடு பேச்சு முடிந்தது. "அணைஞ்ச கற்பூரத்த எவனும் கிளறக் கூடாது" என்பார்கள். கத்தியோடு வந்தவர்கள்கூட அந்தப் புகையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதை நான் கண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒருவருடைய வலை சாயங்காலம் அறுந்து கிடந்தது. மதியம்வரை நன்றாக இருந்த வலை. மறுநாள் காலை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. என் தங்கையின் புருஷன் படகில் உட்கார்ந்து அந்த வலையைக் கத்தியால் அறுக்கிறான். அறுத்துவிட்டுச் சிரிக்கிறான். அதே முகம், அதே தெற்றுப்பல். யார் செய்து போட்டது என்று இன்றுவரை தெரியாது.

வலை அறுந்த அன்றைக்குப் பகல் முழுக்க மச்சான் என்னோடுதான் இருந்தான். எஞ்சினுக்குச் சாமான் வாங்க அனுப்பம்பட்டில் ரயில் ஏறி மெட்ராஸ் போனோம், இருட்டிய பிறகுதான் திரும்பினோம். டிக்கெட்டை எவன் பத்திரப்படுத்துவான்? ஊர்க்கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது ஒருவர், "மச்சான் சாட்சி மடியில கட்டுன மீனு, வூட்டுக்குத்தான் போவும்" என்றார். கூட்டம் சிரித்தது. நல்ல சொல்தான். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்து, மனசில் முடிந்து வைத்திருப்பேன்.

விடவில்லை நான். வலை கட்டியிருந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். வலையைத் தொடுகிறவன் படகைவிட்டு இறங்கி, சேற்றில் நின்றுதான் தொடுவான். வீடியோவிலோ படகுக்கு அடியில் கடல் மாதிரி அலை புரள்கிறது. தினமும் அந்தச் சேற்றில் நிற்கிறவர்கள் அதைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள். இப்போது ஏஐ என்று ஒன்று வந்திருக்கிறது, யார் முகத்தை வேண்டுமானாலும் வைத்துப் படம் செய்கிறது என்றேன். "உம் மச்சான வெச்சிப் படம் எடுக்க அவன் இன்னா ஹீரோவா?" என்று கேட்டார்கள்.

மச்சான் எழுந்து கற்பூரம் கொண்டுவரச் சொன்னான். ஊர்ப் பெரியவர் தலையை ஆட்டினார். "வீடியோ இருக்குதுப்பா. கற்பூரம் எதுக்கு?"

எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே கோர்ட்டு அதுதான்.

மச்சான் குடும்பத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பாடு கிடையாது. கடையில் சாமான் கிடையாது. யாரும் முகம் கொடுத்துப் பேசக் கூடாது. மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான், சோறு இறங்கவில்லை. "கடலுக்குப் போறேன், என்னத் தேடாதே" என்று ஒரு தடவை சொன்னானாம். அதைக் கேட்ட பிறகுதான் தங்கை பழவேற்காடு பஜாருக்கு நடந்துபோய்க் கற்பூரம் வாங்கி வந்தாள்.

கோயிலுக்கு வரச் சொல்லி வீடு வீடாகக் கூப்பிட்டாள். கதவுக்குள்ளிருந்து பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. "செல்லுல வந்தாதான நம்புறாங்க, செல்லுலயே காட்டுண்ணா" என்றாள். நான் வீடியோ எடுத்தேன். இரண்டு பிள்ளைகள் தலைமேல் ஆணையிட்டு, என் புருஷன் வலையைத் தொடவில்லை என்று சொல்லி, கற்பூரத்தை அறைந்து அணைத்தாள். குரூப்பில் போட்டேன்.

கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முதலில் சிரிக்கிற பொம்மைகள் வந்தன. பிறகு ஒருவன் எழுதினான்: "இதுவும் ஏஐல செஞ்சதுதான். கை சுடவே இல்ல பாரு." அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஏஐ என்ற அந்த வார்த்தையைக் கூட்டத்தில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அதைத்தான் அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நான் போனை மடியில் கவிழ்த்தேன். வா, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அவள் வரவில்லை. பாக்கெட்டில் மிச்சமிருந்த கற்பூரத்தையெல்லாம் தட்டில் கொட்டிப் பற்றவைத்தாள். இந்தத் தடவை அடித்து அணைக்கவில்லை. உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்தாள். எடுக்கவில்லை.