சாக்கில் தங்கிய காஞ்சொறி

கொருக்குப்பேட்டையில் நான் ஒண்டியிருந்த குடிசை என் தோஸ்துடையது. இருவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினோம். மழை ஓய்ந்த சமயம் அவன் முட்டி வீங்கிக்கொண்டது. காலையில் மேஸ்திரி ஆட்களை வரிசையில் நிறுத்தி, குந்தி எழச் சொல்வார். எழ முடியாதவனுக்கு வேலையில்லை. இவன் தினமும் திரும்பி வந்தான். அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. அதில் எனக்கும் பங்கு.

தொட்டாலே அரிக்கும் காஞ்சொறி இலையை வேகவைத்துக் கட்டினால் வீக்கம் வடியும் என்றாள் அவன் பெண்சாதி. ரயில் பாதையோரம் வேலி முழுக்க அந்தக் கொடிதான். கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு அறுத்தோம். மூட்டை தூக்கும்போது அவன் கழுத்தில் போட்டுக்கொள்ளும் கோணிச் சாக்கிலேயே திணித்து எடுத்துவந்தோம். வேறு சாக்கு இல்லை.

"அரிக்காதா?" என்றான்.

"வெந்தா இலைமேல கீற சொணை செத்துடும். மாடு மாதிரி இருந்துகினு இலைக்குப் பயப்படறியே" என்றாள் அவள்.

இரண்டொரு கட்டிலேயே வீக்கம் இறங்கியது. மறுநாள் காலை அவன் சிரித்துக்கொண்டே சாக்கை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினான். இலைதான் வெந்தது, சாக்கு வேகவில்லை என்று மூவருக்குமே தோன்றவில்லை.

வரிசையில் நிற்கும்போதே கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது.

"இன்னாடா இது, அம்மையா?" மேஸ்திரி பின்வாங்கினார். பக்கத்தில் நின்றவர்களும் விலகினார்கள்.

"காஞ்சொறி, மேஸ்திரி. முட்டி நல்லா கீது, பாரு." அவன் குந்திக் குந்தி எழுந்தான்.

"முட்டிய யாருடா கேட்டா?"

நான் சாக்கை வாங்கி என் முழங்கையில் தேய்த்துக் காட்டினேன். சற்று நேரத்தில் எனக்கும் தடித்தது.

"பாத்தியா, உனுக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் கெளம்புங்க. தொரை பாத்தா கேட்டையே மூடிடுவான்."

வீட்டில் அவள் சாக்கைப் பார்த்ததும் விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சாக்கை அடுப்பில் திணித்தாள்.

மறுநாள் அவன் கழுத்து தெளிந்திருந்தது. மேஸ்திரி முதலில் கழுத்தைப் பார்த்தார், பிறகு குந்தச் சொன்னார். அவனை எடுத்துக்கொண்டார். நான் ராத்திரியெல்லாம் சொறிந்து கையைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தேன், என்னைத் தள்ளிவிட்டார். கேட்டுக்கு உள்ளே போகும்போது அவன் திரும்பிப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினேன். இனி அந்த அடுப்புக்கு நான் பாரம் என்று தோன்றியது. அப்படியே எண்ணூர் பக்கம் நடந்தேன். உப்பளத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்வி. புண்ணோடு உப்பில் எப்படி இறங்குவது என்பதை வழியில்தான் யோசித்தேன்.